சின்ன டீச்சரும் கட்டிங் பேப்பரும்

வாசகர் கேள்வி, 5 செப்டம்பர் 2024

காலையிலிருந்து ஆசிரியர் தின வாழ்த்துகள் குவிகின்றன. ஒரு சந்தேகம். ஒன்றாம் வகுப்பு டீச்சரை உண்மையிலேயே யாருக்காவது நினைவிருக்கிறதா? ஆறு வயதில் நடந்ததாக நாம் சொல்வதில் பாதி அம்மா சொன்னது, மீதி நாமே ஒட்டிக்கொண்டது. பத்தாம் வகுப்பு வாத்தியார் என்றால் நம்புகிறேன். தொடக்கப் பள்ளி டீச்சர் கதையெல்லாம் கட்டுக்கதை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

5 செப்டம்பர், இரவு 10.40

வந்துவிட்டேன். நான் சொல்லப்போவது என் மகளின் டீச்சரைப் பற்றி. பிள்ளைக்கு ஆறு வயது என்றால் அப்பனுக்கு முப்பத்து மூன்று. அந்த வயதில் பார்த்தது எனக்கு மறந்துவிடுமா?

சிவகாசிப் பக்கம் ஒரு கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி, அதாவது ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர். தலைமை ஆசிரியை பெரிய டீச்சர், இன்னொருவர் சின்ன டீச்சர். வயதில் சின்ன டீச்சர்தான் மூத்தவர். ஊர் அதையெல்லாம் பார்க்காது, பதவியைத்தான் பார்க்கும்.

என் மகள் 2008 ஜூனில் சேர்ந்தாள். நான் அச்சகத்தில் கட்டிங் மெஷின். வீட்டுக்காரி தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். காலை ஆறரைக்கு ஆபீஸ் வண்டி வந்து நிற்கும். எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான் கிளம்பும். ஏழு மணிக்கெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருக்கும். சின்ன டீச்சர் எட்டு மணிக்கே வந்து கதவைத் திறந்துவிடுவார். அதற்குச் சம்பளம் கிடையாது. பெல் அடிக்கும்வரை தலை வாரிவிடுவது, நகம் வெட்டிவிடுவது, ஒரு டின்னில் வைத்திருக்கும் பொரிகடலையை ஆளுக்கு ஒரு கை கொடுப்பது. இதுதான் அவர் வேலை. பிரம்பைத் தொட்டதே இல்லை. என் மகளுக்கு எழுத்து வந்தது அவரால்.

சீக்கிரம் வருவார், அடிக்க மாட்டார், எழுத்தைக் கொடுத்தார். இதில் எது கட்டுக்கதை என்று சொல்லுங்கள்.

6 செப்டம்பர், காலை 7.15

மகள் கோவையிலிருந்து கூப்பிட்டாள். அங்கே ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ராத்திரி எழுதியதைப் படித்துவிட்டாளாம்.

"அப்பா, டீச்சர்கிட்ட குச்சி இருந்துச்சு."

அது சுவரில் இருக்கும் அட்டவணையைக் காட்டுகிற குச்சிதானே என்றேன்.

"அதேதான். அதாலதான் அடிச்சாங்க. ஒரே ஒரு தடவை."

தீபாவளிக்கு மறுநாள் விவகாரம். எங்கள் பக்கம் பையன்கள் அன்றைக்கு வெடிக்காமல் கிடக்கிற வெடிகளைப் பொறுக்குவார்கள். பிரித்து மருந்தைக் கொட்டிக் கொளுத்துவார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைக் கால்சட்டைப் பையில் நிறைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டான். டீச்சர் பையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கெண்டைக்காலில் இரண்டு போட்டார். அந்த வருஷம் 2008. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சொல்கிற கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம்வரை டீச்சர் யாரோடும் பேசவில்லையாம்.

சரி. பிரம்பைத் தொட்டதே இல்லை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். இரண்டு அடி. நான் பக்கத்தில் இருந்திருந்தால் நாலு போட்டிருப்பேன்.

8 செப்டம்பர், மதியம்

ஞாயிற்றுக்கிழமை. நிதானமாக எழுதலாம்.

எழுத்து வந்தது அவரால் என்றேன். அதன் முன்கதையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் முதலில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது சண்டை போட.

பள்ளி திறந்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். மகள் சிலேட்டில் ஒரு வார்த்தை எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். "படம்". நான் "அ எழுது" என்றேன். முழித்தாள். "ஆ?" அதுவும் இல்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அ, ஆ சொல்லித் தராமல் என்ன பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள் என்று கேட்கிற உத்தேசம்.

உள்ளே பெஞ்சு இல்லை, வரிசை இல்லை. பிள்ளைகள் பாயில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றும் இரண்டும் மூன்றும் கலந்து கிடக்கிறது. தட்டு தட்டாக அட்டைகள். சுவரில் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட், அதில் பிள்ளைக்கு ஒரு கட்டம். என் மகள் தன் கட்டத்தில் குந்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், சீருடை முழுக்கச் சாக்பீஸ். தலைக்கு மேல் கம்பி கட்டி, வரைந்ததையெல்லாம் துணி காயப் போட்ட மாதிரி தொங்கவிட்டிருக்கிறார்கள். அதற்குக் கம்பிப் பந்தல் என்று பெயராம்.

இதுதான் செயல்வழிக் கற்றல். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. ஆந்திராவில் ரிஷி வேலியில் நடந்ததைப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தது என்பார்கள். 2007-08ல் மாநிலம் முழுக்க ஒன்றிலிருந்து நாலாம் வகுப்புவரை வந்துவிட்டது. சுவரில் ஒரு ஏணி அட்டவணை. ஒவ்வொரு பிள்ளையும் தான் எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்து, அதற்குரிய அட்டையை அதுவே எடுத்துக்கொள்ளும். எழுதுவதற்குச் சுலபமான எழுத்து முதலில். கோடு கோடாக இழுத்தால் ட வந்துவிடும், ப வந்துவிடும். ஆறு வயதுக் கைக்கு அ என்பது மலை. இதெல்லாம் இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்?

டீச்சர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "உக்காருங்க தம்பி" என்று பாயைக் காட்டினார். ஒரு குழுவில் உட்காரவைத்து, ஒரு தட்டைக் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். நான் ஒரு அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு வேறு தட்டில் வைத்தேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "மாமா, அதுல வைக்கக் கூடாது, இதுல" என்று பிடுங்கிச் சரியான இடத்தில் வைத்தான். பெரிய மனுஷன் தோரணை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவன். 1986. அப்புறம் தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போய்விட்டேன். காலை நாலு மணி வண்டி, பத்து வயது. இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு தொடக்கப் பள்ளிப் பாயில் உட்காருகிறேன். சண்டை போட வந்தவனுக்கு எழுந்து போக மனசு வரவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அன்று நான் ஏறியது ஒன்றரைப் படி. ஒரு படிக்கு அந்தப் பையன் உதவினான்.

8 செப்டம்பர், இரவு

எழுதியதை வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கிறாள்.

"எட்டு மணிக்கு வந்தது அக்கறையில இல்லைங்க. பஸ்ஸுல."

எட்டு மணிக்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் அடுத்தது பத்துக்கு. ஒன்பதேகாலுக்குப் பள்ளி. வேறு வழி? இது ஊருக்கே தெரிந்த விஷயமாம், எனக்கு மட்டும் தெரியாதாம். பின்னால் டீச்சர் ஸ்கூட்டி வாங்கியதும் எட்டே முக்காலுக்குத்தான் வந்தார் என்பதையும் ஞாபகப்படுத்தினாள். அதுவும் நிஜம்தான். ஸ்கூட்டி வந்த பிறகு சாவி சத்துணவு ஆயாவிடம் இருக்கும், பொரிகடலை டின்னும் ஆயாவிடம்.

கேள்வி கேட்டவர் இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்குவார் என்று தெரிகிறது. முறுக்கட்டும். பஸ் எட்டு மணிக்குக் கொண்டுவந்து விட்டது. தலை வாரிவிடச் சொன்னதும் பஸ்ஸா?

15 செப்டம்பர்

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. காலண்டர் சீசன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளிவந்ததும் ஆர்டர் குவிய ஆரம்பித்துவிடும். இனி ஜனவரிவரை ஓவர்டைம்தான்.

கட்டிங் பேப்பர் கதையைச் சொல்கிறேன். 

பாயில் உட்கார்ந்த அன்றே கவனித்தேன், பிள்ளைகளுக்கு வரையத் தாள் இல்லை. கம்பிப் பந்தலில் தொங்கியதில் பாதி பழைய நோட்டு அட்டை. எங்கள் அச்சகத்திலோ கட்டிங் மெஷினைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குத் தாள் கிடக்கும். ஓரம் வெட்டிய துண்டு இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம். கலர் சேராமல் போன முழு ஷீட்டும் உண்டு. முதலாளியிடம் கேட்டுவிட்டு ஒரு கட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

டீச்சருக்குச் சந்தோஷம். துண்டுகளில் பெயர் எழுதிச் சட்டையில் குத்திவிட்டார், எழுத்து எழுதிச் சங்கிலி செய்தார். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வேறு யாரோ மருந்து முக்காத குச்சி கொடுத்திருந்தார்கள். பத்துப் பத்தாக எண்ணித் துண்டுத் தாளால் சுற்றி ஒட்டினால் ஒரு கட்டு. மூன்று கட்டும் நாலு உதிரிக் குச்சியும் முப்பத்து நாலு. நான் பள்ளிக்கூடத்தில் விரலை மடக்கித்தான் எண்ணினேன், அதற்கும் தலையில் குட்டு வாங்கினேன். அதே குச்சியைத்தான் நான் பத்து வயதில் மரச்சட்டத்தில் அடுக்கினேன். அதில் கணக்கு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முழு ஷீட்டில்தான் வம்பு வந்தது. முன்பக்கம் மகாலட்சுமி, பின்பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் வரையச் சொல்லித் தரையில் விரித்தால் மகாலட்சுமி தரையில் படுகிறாள். ஒரு பிள்ளையும் கிட்ட வரவில்லை. ஒன்று கண்ணில் ஒற்றிக்கொண்டது, ஒன்று செருப்பில்லாத காலையே இன்னொரு தடவை கழுவிவிட்டு வந்தது. இரண்டு பேர் ஷீட்டைச் சுவரில் சாய்த்து வைத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் பஜனை மடம் மாதிரி. மறுநாள் டீச்சர் மகளிடம் சொல்லி அனுப்பினார்: "அப்பாகிட்ட சாமி வேணாம், சீனரி இருந்தா குடுக்கச் சொல்லு."

அன்றிலிருந்து சீனரி. அருவி, ரோஜாப்பூ, நாய்க்குட்டி, சுவிட்சர்லாந்து. ஐந்து வருஷம் மாதம் ஒரு கட்டு.

16 செப்டம்பர், காலை

திருத்தம். முதலாளியிடம் கேட்டுவிட்டு என்று நேற்று எழுதினேன். முதல் வருஷம் கேட்கவில்லை. கழிவுத் தாளும் எடைக்குப் போகிற சரக்கு, காசுதான். இரண்டாம் வருஷம் மேஸ்திரி பார்த்துவிட்டார். அப்புறம்தான் முதலாளியிடம் கேட்டேன். அவர், "பள்ளிக்கூடத்துக்குத்தானே, எடுத்துட்டுப் போ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஒரு வருஷம் பயந்து பயந்து லுங்கிக்குள் சுருட்டிக்கொண்டு போனது வீண்.

22 செப்டம்பர்

ஒரு சின்னது. முட்டை.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கையில்தான் சத்துணவு வந்தது, 1982 ஜூலை. அப்போது முட்டை கிடையாது. மகள் காலத்தில், 2010ல், வாரம் ஐந்து முட்டை ஆகிவிட்டது. அவள் அதைச் சட்டைப் பையில் போட்டு வீட்டில் இருக்கும் தம்பிக்குக் கொண்டுவருவாள். டீச்சர் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடுவார் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மகள் இதையும் உடைத்துவிட்டாள். பார்க்காத மாதிரி விட்டது ஆயா. டீச்சர் பிடித்துவிட்டார். பாதி இங்கேயே தின்னு, பாதியைக் கொண்டுபோ என்று நூலால் அறுத்துக் கொடுப்பாராம். அப்படியானால் என் மகன் ஒரு முழு முட்டையையும் பார்த்ததில்லை. நான் கவனித்ததே இல்லை.

29 செப்டம்பர், இரவு

மகன் பெயரை எடுத்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். மூன்று தடவை எழுதி அழித்தாகிவிட்டது.

2011ல் மகனை அந்தப் பள்ளியில் சேர்க்கவில்லை. வேன் வரும் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன். மகள் ஏணியில் கிடுகிடுவென்று ஏறுவதைக் கண்ணால் பார்த்தவன் நான், பாயில் உட்கார்ந்தவன், தாள் சுமந்தவன். இருந்தும் சேர்த்தேன். பையன் நாளைக்கு என்னைப் போல மெஷின் முன்னால் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். தெருவில் எல்லாரும் சேர்த்தார்கள். கடன் வாங்கித்தான் கட்டினேன். அந்த வருஷம் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் நாலே பேர்.

டீச்சர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இரண்டு மாதம் தாள் கட்டை மகளிடமே கொடுத்தனுப்பினேன். ஒரு நாள் கடைத்தெருவில் எதிரே வந்துவிட்டார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கட்டிங் இந்த மாசம் இன்னும் வரலயே தம்பி?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6 அக்டோபர்

இதுவரை எழுதியதைப் படித்தால் புலம்பல் மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா பழைய எழுத்துக்காரர். 1978ல் அரசு சில தமிழ் எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, மாற்றிக்கொள்ளவில்லை. யானை என்று எழுதினால் னை மேலே சுருட்டிக்கொண்டு நிற்கும். இன்றைக்குப் பிள்ளைகளுக்குக் காட்டினால் அது என்ன பூச்சி என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுத்துக் கோக்கும் பெட்டியில் அந்தப் பழைய அச்சு சில கிடந்தன. யாரும் தொடமாட்டார்கள்.

மகள் இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் தாத்தா சொல்லிக்கொடுத்த மாதிரி யானை எழுதிவிட்டாள். தப்பு என்று அழிக்காமல், டீச்சர் பக்கத்திலேயே புது யானையையும் எழுதினாராம். "தாத்தா யானைக்குத் துதிக்கை இருக்கு. நம்ம யானைக்கு ரெண்டு சுழி. ரெண்டும் யானைதான்." அன்று சாயங்காலம் வீட்டுச் சுவர் முழுக்க இரண்டு வகை யானை. அப்பா அதை வெள்ளையடிக்க விடவில்லை. 2015ல் அவர் போன பிறகும் இரண்டு வருஷம் இருந்தது.

இதையாவது கட்டுக்கதை என்று சொல்லாதீர்கள். சுவரை நானே பார்த்திருக்கிறேன்.

13 அக்டோபர்

நேற்று விஜயதசமி. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிற நாள், டீச்சரைப் பார்க்கவும் நல்ல நாள்தான் என்று கிளம்பிவிட்டேன். 2019ல் ஓய்வு பெற்றுச் சாத்தூரில் இருக்கிறார். சாத்தூருக்குக் காராச்சேவு வாங்கிப் போகிற முட்டாள் இல்லை நான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ.

மகள் பெயரைச் சொன்னேன். யோசித்தார். "ரெண்டு சடை போட்டு, முன்பல் இல்லாத பிள்ளைதானே?"

ஒன்றாம் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கு முன்பல் இருக்கிறது?

எந்த வருஷம், எந்தத் தெரு என்று சொல்லிப் பார்த்தேன். வேறொரு பிள்ளையின் கதையைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், "ஆமா, நீங்க கட்டிங் தம்பிதானே?" என்கிறார். அப்புறம் மடை திறந்தது. மகாலட்சுமி கதையை என்னைவிட நன்றாகச் சொன்னார். கும்பிட்ட இரண்டு பேரில் ஒருத்தி ஆயாவின் பேத்தியாம். லுங்கிக்குள் சுருட்டிக்கொண்டு வந்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, யானைக் கதையை எடுத்தேன். இரண்டு யானையை எழுதினீர்களே டீச்சர், இவள்தான் அந்தப் பிள்ளை.

"நான் எங்க எழுதுனேன்? உங்க அப்பாதான வந்து எழுதுனாரு."

எனக்குப் புரியவில்லை. பேத்தி எழுதியது தப்பு என்று பக்கத்துப் பையன் சொல்லிவிட்டானாம். மறுநாள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாராம், நான் போன மாதிரியே சண்டைக்கு. டீச்சர் சாக்பீஸைக் கையில் கொடுத்திருக்கிறார். சுவரின் அடியில் பேத்தியின் கட்டத்தில் குந்தி உட்கார்ந்து துதிக்கை வைத்த யானையை எழுதினாராம். பிள்ளைகள் இன்னும் இன்னும் என்று கேட்க, பூனை, பானை, தலை, விலை என்று ஆறு கட்டம் எழுதியிருக்கிறார். இன்னொரு நாளும் வந்திருக்கிறார். துதிக்கை என்று பெயர் வைத்ததும் அவர்தானாம்.

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகாத மனுஷன் என்றுதான் நேற்றுவரை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகளிடம் ராத்திரி கேட்டேன். "ஆமாப்பா, தாத்தா வந்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்கிறாள்.

14 அக்டோபர், காலை 6.10

கேள்வி கேட்டவர், அப்படியானால் யார் கட்சி ஜெயித்தது என்று கேட்டிருக்கிறார். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

டீச்சர் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து வரைகிறார்களாம். கிளம்பும்போது கேட்டார். சீனரி ஷீட் நாலு கிலோ ஒதுக்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான்.